மூன்று முறை தவறாகப் படிக்கப்பட்ட மூலக்கூறு

டார்டாவிப்ரோன் என்பது வாரம் ஒருமுறை விழுங்கும் கேப்சூல் மருந்து. 2025 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அதற்கு விரைவு ஒப்புதல் அளித்தது. மூளையின் நடுக்கோட்டுப் பகுதிகளில் தோன்றும், ‘எச்3 கே27எம்’ என்ற மரபணு மாற்றம் கொண்ட கிளியோமா கட்டி, முதல் சிகிச்சைக்குப் பிறகும் வளர்ந்தால் இதைக் கொடுக்கலாம். ஒரு வயதைக் கடந்த குழந்தை முதல் பெரியவர் வரை அனைவருக்கும் இந்த அனுமதி பொருந்தும். இந்தக் கட்டிக்கென்றே எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுதான். ஆய்வுக்கூடங்களில் அதற்குப் பல ஆண்டுகள் வழங்கிய பெயர் ஓ.என்.சி.201, அதற்கும் முன்பு டிக்10. பெயர் மாறியது பெரிய விஷயமில்லை. அதன் வடிவம் என்ன, உடலில் அது எதைத் தொடுகிறது, எந்த நோய்க்கு உதவும் என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் சொல்லப்பட்ட விடை தவறாகவோ அரைகுறையாகவோதான் இருந்தது. அப்படியிருந்தும் மருந்து நோயாளிகளிடம் வந்து சேர்ந்ததுதான் இதன் வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

நடுக்கோட்டுக் கிளியோமாக்களில் குழந்தைகளை அதிகம் தாக்குவது மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் வரும் டி.ஐ.பி.ஜி. பான்ஸ் இரண்டரை சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறு பகுதி. கண்ணசைவு, முகத் தசை, விழுங்குதல், நடை, மூச்சு என்று எல்லாவற்றுக்குமான நரம்புப் பாதைகள் அங்கே நெருக்கியடித்துச் செல்கின்றன. நோய் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வயதுக்குள் வெளிப்படுகிறது. குழந்தையின் ஒரு கண் லேசாக மாறுகண்ணாகும். எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லும். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். சமதளத்தில் நடக்கும்போதே தடுமாறும். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று கண் மருத்துவரிடம் அழைத்துப் போகும் பெற்றோர் பலர், சில வாரங்களிலேயே எம்.ஆர்.ஐ. படத்தின் முன் உட்கார வேண்டியதாகிவிடுகிறது.

இந்தக் கட்டி தனி உருண்டையாகத் திரண்டு நிற்பதில்லை. நல்ல நரம்புச் செல்களின் இடுக்கெல்லாம் ஊடுருவிப் பரவுகிறது. மணலில் கொட்டிய சர்க்கரையைப் பொறுக்க முடியாதது போல, இதைக் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. எனவே அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவதில்லை. தாண்டியவையும் பலன் தரவில்லை. மிஞ்சுவது கதிர்வீச்சு. ஆறு வாரங்களில் 30 தவணைகளாக மொத்தம் 54 கிரே கொடுப்பது வழக்கம். கொடுத்தபின் பல குழந்தைகள் தெளிவாகத் தேறுகின்றன. நடை திரும்புகிறது, பேச்சு சீராகிறது. சில மாதங்களில் கட்டி மீண்டும் தலைதூக்குகிறது. நோய் கண்ட நாளிலிருந்து பாதிக் குழந்தைகள் ஏறத்தாழ 11 மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

நிலவில் முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரனுக்கு 1961இல் மூளைத்தண்டில் இத்தகைய கட்டி இருப்பது தெரியவந்தது. கோபால்ட் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 1962 ஜனவரியில், மூன்று வயது நிறையும் முன்பே, அவள் இறந்தாள். கருவிகள் நுட்பமாகியிருக்கின்றன, ஸ்கேன் துல்லியமாகியிருக்கிறது. ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மருத்துவர்கள் கையில் இருந்த உண்மையான ஆயுதம் அதே கதிர்வீச்சுதான்.

இந்தத் தேக்கத்துக்குக் கட்டியின் கொடூரம் மட்டும் காரணமில்லை. எம்.ஆர்.ஐ. பரவிய 1990களில், படத்தைப் பார்த்தே நோயை உறுதி செய்துவிடலாம், மூளைத்தண்டில் ஊசி செலுத்திப் பயாப்சி எடுத்து ஆபத்தை வரவழைக்க வேண்டாம் என்ற வழக்கம் நிலைபெற்றது. குழந்தையின் நலன் கருதி எடுத்த முடிவுதான். ஆனால் அதன் விளைவாக ஆய்வாளர்களுக்குத் திசு கிடைக்காமல் போனது. பெரியவர்களின் மூளைக் கட்டிக்குத் தயாரான மருந்துகளை, இதுவும் அதே ரகம்தான் என்ற ஊகத்தில், குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊகம் தவறு. அதைச் சரிபார்க்கத் திசு இல்லாததால், தவறு என்று தெரியவே இருபது ஆண்டுகள் பிடித்தன.

பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனை அறுவை நிபுணர்கள் பயாப்சியைப் பாதுகாப்பாக எடுக்க முடியும் என்று காட்டினார்கள். இன்னொரு பக்கம், பிள்ளையை இழந்த பெற்றோர், இறந்த சில மணி நேரத்துக்குள் கட்டித் திசுவை ஆய்வுக்குத் தர முன்வந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மிஷேல் மோன்ஜேயின் குழு அப்படிக் கிடைத்த திசுவிலிருந்து ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்து 2011இல் வெளியிட்டது. ஆராய்ச்சிக்குக் கைப்பொருள் வந்தது அப்போதுதான்.

அடுத்த ஆண்டே பலன் கிடைத்தது. 2012இல் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் நடா ஜபாடோ குழு என்று இரு தரப்பினரும் ஒரே விஷயத்தைக் கண்டறிந்தார்கள். டி.ஐ.பி.ஜி. கட்டிகளில் ஐந்தில் நான்கு பங்கில் ஒரே ஒரு எழுத்துப் பிழை திரும்பத் திரும்ப வந்தது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிச் சுருண்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒவ்வொரு பொதியைச் சுற்றியும் 147 எழுத்துகள். அவற்றில் எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 27ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். கட்டிச் செல்களில் அந்த இடத்தில் மெத்தியோனின் இருந்தது. டி.என்.ஏ.வில் ஓர் ‘ஏ’ எழுத்து ‘டி’ ஆனதன் விளைவு அது. எச்3 கே27எம் என்ற பெயர் குறிப்பது இந்தப் பிழையைத்தான்.

அந்த லைசின் சாதாரண இடமில்லை. அதில் மூன்று மீத்தைல் தொகுதிகள் ஒட்டும்போது அருகிலுள்ள மரபணுக்கள் அடங்குகின்றன. மூளை வளரும் பருவத்தில் வேலை முடிந்த மரபணுக்களை மூடி வைப்பது இப்படித்தான். எச்3 புரதத்தை உண்டாக்கும் மரபணுக்கள் உடலில் பத்துக்கும் மேல். அவற்றில் ஒன்றின் ஒரு பிரதியில்தான் பிழை. மற்றவை எல்லாம் சரியாக இருந்தும், செல் முழுவதிலும் அந்த மீத்தைல் முத்திரை ஏறக்குறைய அழிந்துபோகிறது. பிழையான புரதம், முத்திரை குத்தும் நொதியையே முடக்கிவிடுகிறது என்று ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆலிஸின் ஆய்வுக்கூடம் 2013இல் காட்டியது. அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்கள் அடங்காததால் செல் முதிர்ச்சி அடையாமலே பெருகிக்கொண்டிருக்கிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளின் வகைப்பாட்டைத் திருத்தியபோது இந்தப் பிழையையே அடையாளமாக வைத்து ஒரு தனி நோயை அறிவித்தது. பான்ஸ் மட்டுமல்ல, தலாமஸிலும் தண்டுவடத்திலும் வரும் இதே பிழையுள்ள கட்டிகளும் அதில் அடங்கின.

நோய்க்கு அடையாளம் கிடைத்த அதே காலத்தில், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், மருந்து வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வஃபீக் எல்-டெய்ரியின் ஆய்வுக்கூடம் டிரெயில் என்ற புரதத்தில் ஆர்வம் காட்டியது. நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இந்தப் புரதம், நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லைத் தானாகச் சாகத் தூண்டுவது. புரதமாகவே ஊசியில் ஏற்றினால் ரத்தத்தில் நிலைப்பதில்லை, மூளைக்கும் போவதில்லை. அதற்குப் பதிலாக, உடலே அதை அதிகம் சுரக்கும்படி செய்யும் சின்ன மூலக்கூறு கிடைக்குமா என்று அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் இலவசமாகக் கொடுக்கும் சேர்மத் தொகுப்பில் தேடினார்கள். அதில் சிக்கியதுதான் டிக்10. பெயரே ‘டிரெயிலைத் தூண்டும் பத்தாம் சேர்மம்’ என்ற பொருள் கொண்டது. 1970களின் ஜெர்மன் காப்புரிமை ஒன்றில் இடம்பெற்று, பயனின்றிக் கிடந்த பழைய சேர்மம் அது. ஜோஷுவா ஆலன் முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை 2013இல் வெளியானது. அதை மருந்தாக்க ஆன்கோசூட்டிக்ஸ் என்ற சிறு நிறுவனம் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்டது.

முதல் தவறு இங்கேதான் வெளிப்பட்டது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வுக் கழகத்தில் வேதியியலாளர் கிம் ஜாண்டாவின் குழு, கட்டுரையிலும் காப்புரிமையிலும் வரைந்து காட்டிய அமைப்பைப் பார்த்து டிக்10ஐத் தாங்களே தயாரித்தது. சோதனைக் குழாயில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. தேசியப் புற்றுநோய்க் கழகத்திலிருந்து அசல் மாதிரியை வரவழைத்துச் சோதித்தார்கள்; அது புற்றுச் செல்லைக் கொன்றது. இரண்டிலும் 24 கார்பன், 26 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்று அணுக்கள் ஒன்றுகூட மாறவில்லை. எடையை வைத்து அடையாளம் காணும் நிறமாலைக் கருவியால் இரண்டையும் பிரிக்க முடியாததற்கு அதுவே காரணம். எக்ஸ்-கதிர் படிகவியலில்தான் உண்மை தெரிந்தது. சேர்மத்தின் நடுவிலுள்ள மூன்று வளையங்கள் நேர்க்கோட்டில் இணைந்திருப்பதாக வரைந்திருந்தார்கள். அசலில் மூன்றாவது வளையம் கோணமாகத் திரும்பியிருந்தது. 2014இல் இது வெளியானதும் காப்புரிமை யாருடையது என்ற சண்டை மூண்டது. பெயரளவில் காக்கப்பட்டது வேலை செய்யாத மூலக்கூறு. வேலை செய்ததை ஸ்கிரிப்ஸ் வேறொரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்துவிட்டது. நோயாளிகளுக்குத் தந்த மருந்தில் மாற்றமில்லை. காகிதத்தில் இருந்த படம்தான் தவறு, குப்பியில் இருந்தது சரி. ஆனாலும் ஒரு மருந்து மனிதப் பரிசோதனையை எட்டும் வரை அதன் வளையம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை என்பது வேதியியலாளர்கள் மறக்காத ஒரு தலைக்குனிவு.

மருந்து முதலில் கொடுக்கப்பட்டது குழந்தைகளுக்கு அல்ல. மற்ற புற்றுநோய்களில் பெரிய பலன் தெரியவில்லை. பிறகு, திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி உள்ள பெரியவர்கள் 17 பேரிடம் சோதித்தார்கள். 2017இல் வெளியான அந்த முடிவும் மொத்தத்தில் சோர்வானதுதான். ஒரே ஒருவர் விலக்கு. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கட்டிகள் பெருமளவு சுருங்கி, சுருங்கியபடியே நீடித்தன. அவருடைய கட்டியில் எச்3 கே27எம் பிழை இருந்தது. பதினேழு பேரில் ஒருவர் என்பதைச் சராசரிக்குள் புதைத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அவர் ஏன் வேறுபட்டார் என்று கேட்டதுதான் இந்த மருந்தின் திருப்புமுனை. இது கிளியோபிளாஸ்டோமாவுக்கான மருந்து என்ற கணக்கு அங்கே முடிந்தது. பின்னர் பிளோரிடாவில் டி.ஐ.பி.ஜி. உள்ள பத்து வயதுச் சிறுமிக்குக் கதிர்வீச்சுக்குப் பின் இதைக் கொடுத்தபோது முகவாதம் நீங்கி, கேட்கும் திறன் மேம்பட்டதாக 2019இல் ஓர் அறிக்கை வந்தது.

ஏன் இந்தக் கட்டியில் மட்டும்? டிரெயில் விளக்கம் அதற்குள் தளர்ந்திருந்தது. டிரெயில் சுரக்காத செல்களையும் மருந்து கொன்றது. கணினி வழிக் கணிப்பு ஒன்று, இது டோபமைன் ஏற்பியான டி.ஆர்.டி.2ஐ அடைக்கிறது என்று சொன்னது. சோதனையும் ஒத்துவந்தது. தலாமஸ் போன்ற நடுக்கோட்டுப் பகுதிகளில் டோபமைன் தொடர்பு அதிகம் என்பதால் கதை அழகாகப் பொருந்தியது. ஆனால் அந்த ஏற்பியை இதைவிட வலுவாக அடைக்கும் மனநோய் மருந்துகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. கதை முழுமையில்லை என்பதற்கு அதுவே போதுமான குறிப்பு.

2019இல் டொரன்டோ, ஹூஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு பக்கமும் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு மறுபக்கமும் வேறோர் இலக்கைக் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கிளிப்-பி என்ற நொதி இருக்கிறது. பதினான்கு துண்டுகள் இரண்டு வளையங்களாக அடுக்கிய பீப்பாய் வடிவம். உள்ளே புரதங்களை வெட்டும் பற்கள். பழுதான புரதம் மட்டும் உள்ளே போகும்படி கிளிப்-எக்ஸ் என்ற துணைப் புரதம் வாசலில் காவல் நிற்கிறது. ஓ.என்.சி.201 அந்தக் காவலாளி பொருந்தும் பள்ளத்தில் போய் அமர்ந்து வாசலைத் திறந்துவிடுகிறது. பீப்பாய் கட்டுப்பாடின்றி நல்ல புரதங்களையும் வெட்டத் தொடங்குகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் சுவாசச் சங்கிலி அறுபடுகிறது. பெரும்பாலான மருந்துகள் ஒரு நொதியை அடக்கி வேலை செய்கின்றன. இது ஒரு நொதியை வெறிகொள்ள வைத்து வேலை செய்கிறது.

இதற்கும் ஹிஸ்டோன் பிழைக்கும் என்ன தொடர்பு என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் வென்னேட்டி, கார்ல் கோஷ்மன் குழுவினர் 2023இல் விளக்கினார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் வேதிச் சுழற்சி தடைபடும்போது 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருள் செல்லில் தேங்குகிறது. மீத்தைல் முத்திரையை அழிக்கும் நொதிகளை அது முடக்குகிறது. அழிப்பது நின்றதும், பிழையான ஹிஸ்டோன் அழித்த முத்திரை ஓரளவு திரும்பி வருகிறது. பெரியவர்களின் சிலவகை மூளைக் கட்டிகளில் இதே பொருள்தான் நோய்க்கே காரணமான குற்றவாளி. குழந்தைகளின் கட்டியில் அதுவே மருந்தின் கையாளாக மாறுவது புற்றுநோயியலின் விசித்திரங்களில் ஒன்று.

அதே ஆய்வில் நோயாளிகளின் கணக்கும் இருந்தது. கதிர்வீச்சு முடிந்து, கட்டி மீண்டும் வளரும் முன்பே மருந்தைத் தொடங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதங்கள், வளர்ந்த பிறகு தொடங்கியவர்களுக்கு 9.3 மாதங்கள். முதல் எண் பழைய புள்ளிவிவரங்களைவிடத் தெளிவாக அதிகம். ஆனால் அதை அப்படியே பலனாக எடுத்துக்கொள்ள முடியாது. கதிர்வீச்சைத் தாங்கி, பயணம் செய்து, பரிசோதனையில் சேரும் அளவுக்குத் தெம்பாக இருந்தவர்கள்தான் அந்தக் கணக்கில் வருகிறார்கள். ஒப்பிட இணைக் குழு இல்லை. மருந்தின் பங்கு எவ்வளவு, நோயாளியின் தெம்பின் பங்கு எவ்வளவு என்று இந்த எண்ணைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது.

எஃப்.டி.ஏ. ஒப்புதலுக்கு அடிப்படையானது 50 பேரின் தரவு. பல பரிசோதனைகளிலிருந்து கடுமையான நிபந்தனைகளுடன் பொறுக்கி எடுத்த தொகுப்பு அது. கதிர்வீச்சு முடிந்து குறைந்தது 90 நாள் ஆகியிருக்க வேண்டும். இல்லையெனில் கதிர்வீச்சின் பலனை மருந்தின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. அந்த 50 பேரில் 11 பேருக்கு, அதாவது 22 சதவீதத்தினருக்கு, கட்டி சுருங்கியது. சுருக்கம் நீடித்த இடைநிலைக் காலம் 10.3 மாதங்கள். தானாகச் சுருங்காத ஒரு கட்டியில் இது சிறிய விஷயமில்லை. அதே சமயம் இரண்டு விவரங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 50 பேரில் குழந்தைகள் நால்வர்தான். மூளைத்தண்டின் டி.ஐ.பி.ஜி. அந்தத் தொகுப்பில் சேர்க்கப்படவே இல்லை, ஏனெனில் பரவிக் கலங்கித் தெரியும் அந்தக் கட்டியின் அளவை ஸ்கேனில் நம்பிக்கையாக அளக்க முடிவதில்லை. இந்த நோயின் முகமாக உலகம் அறிந்த குழந்தைகளைப் பற்றி, ஒப்புதலுக்கு ஆதாரமான எண்கள் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. இன்னொரு சிக்கல், சுருக்கம் கண்ணில் படச் சராசரியாக எட்டு மாதங்களுக்கு மேல் ஆனது. வேகமாக வளரும் கட்டி அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

காத்திருக்க முடியாதவர்கள் வேறு வழி தேடினார்கள். பரிசோதனையில் இடம் கிடைக்காத குடும்பங்கள் ஜெர்மனியில் தயாரான ஓ.என்.சி.201ஐச் சொந்தச் செலவில் வாங்கிக் கொடுத்தன. ஆஸ்திரேலியாவின் நியூகாசல் பல்கலைக்கழகப் புற்றுநோய் ஆய்வாளர் மாத்யூ டன்னின் மகளுக்கு 2018இல், இரண்டு வயதில், டி.ஐ.பி.ஜி. இருப்பது தெரியவந்தது. ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தவர் தன் ஆய்வுக்கூடத்தையே இந்த நோயின் பக்கம் திருப்பினார். மருந்துக்கு ஆட்படும் செல்கள் பி.ஐ.3.கே.–ஏ.கே.டி. என்ற இன்னொரு வழியைத் திறந்து தப்பிக்கின்றன. அந்த வழியை அடைக்கும் பாக்ஸாலிசிப் மருந்தைச் சேர்த்தால் ஆய்வுக்கூட விலங்குகளில் பலன் கூடுகிறது என்று அவர் குழு 2023இல் வெளியிட்டது. மகள் 2019 டிசம்பரிலேயே இறந்துவிட்டாள். சான் பிரான்சிஸ்கோவில் சபீனே முல்லர் தலைமையிலான குழந்தைகள் மூளைக் கட்டிக் கூட்டமைப்பு இந்த இரு மருந்துக் கூட்டை நோயாளிகளிடம் சோதித்து வருகிறது.

மருந்தைக் கொடுக்கும் முறை எளிது. பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை 625 மில்லிகிராம், வெறும் வயிற்றில்; குழந்தைகளுக்கு எடைக்கேற்பக் குறையும். விழுங்க முடியாத குழந்தைக்குக் கேப்சூலைத் திறந்து திரவத்தில் கலந்து கொடுக்கலாம். விழுங்கும் நரம்பையே தாக்கும் நோயில் இந்த ஏற்பாடு தேவையானது. சோர்வு, தலைவலி, குமட்டல், வாந்தி ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். இதயத்துடிப்பின் மின்லயத்தைச் சிலருக்கு மாற்றக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. பார்க்கச் சொல்கிறார்கள். வழக்கமான கீமோவோடு ஒப்பிட்டால் உடல் இதைத் தாங்குவது சுலபம். மருந்தைத் தொடங்கும் முன் கட்டியில் அந்த மரபணு மாற்றம் இருப்பது உறுதியாக வேண்டும். ஒருகாலத்தில் தவிர்க்கப்பட்ட பயாப்சி இதனால் சிகிச்சையின் முதல் படியாகிவிட்டது.

வணிகப் பக்கமும் மாறியிருக்கிறது. ஆன்கோசூட்டிக்ஸை 2021இல் கைமெரிக்ஸ் நிறுவனம் வாங்கியது; கைமெரிக்ஸை 2025இல் ஏறத்தாழ 93.5 கோடி டாலருக்கு ஜாஸ் பார்மசூட்டிகல்ஸ் வாங்கியது. மருந்து இப்போது ‘மோடெய்சோ’ என்ற பெயரில் விற்பனையாகிறது. ஸ்டான்ஃபோர்டில் நோயாளியின் டி-செல்களையே மாற்றியமைத்துக் கட்டிமேல் ஏவும் சிகிச்சையும் இதே நோய்க்குச் சோதிக்கப்படுகிறது. சில நோயாளிகளிடம் அது கட்டியை வியக்கத்தக்க அளவு சுருக்கியிருக்கிறது.

விரைவு ஒப்புதல் நிபந்தனைக்கு உட்பட்டது. உறுதிப்படுத்தும் பரிசோதனையில் பலன் நிரூபணமாகவில்லையென்றால் எஃப்.டி.ஏ. அதைத் திரும்பப் பெறலாம். அந்தப் பரிசோதனையின் பெயர் ஆக்‌ஷன். புதிதாக நோய் கண்டு கதிர்வீச்சு முடித்த 450 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறையும், இன்னொரு பகுதியினருக்கு வாரத்தில் அடுத்தடுத்த இரு நாட்களும் மருந்து. மூன்றாம் பகுதியினருக்கு மருந்தில்லா வெற்றுக் கேப்சூல். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதோடு அது நிற்காது. நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதைத்தான் முதன்மையாக அளக்கிறது. 21.7 மாதங்கள் என்ற எண்ணில் மருந்தின் பங்கு எவ்வளவு என்பதற்கான பதில் அங்கிருந்துதான் வர வேண்டும்.